இதயச் செயலிழப்பில் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது ஆறுதலா?

கேள்வி: 2024 ஜூன் 9

என் அம்மாவுக்கு வயது 67. மூன்று மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாலையில் கால் வீங்குகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பம்பிங் 62 சதவீதம், நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் இது இதயச் செயலிழப்பின் ஒரு வகையாக இருக்கலாம் என்றார்கள். பெண்களுக்கு இந்த நோய் வந்தாலும் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று எங்கள் உறவில் ஒரு மருத்துவர் சொன்னார். அப்படியானால் நாங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஜூன் 9, இரவு

உங்கள் உறவினர் சொன்னது உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுத்திருக்கும் முடிவுதான் சரியில்லை.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பாவும் அம்மாவும் இருவருமே இதயச் செயலிழப்பு நோயாளிகள், அதாவது உடலுக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் போதிய அளவு அனுப்ப முடியாதவர்கள். அப்பா 2015இல் இறந்துவிட்டார். அம்மா 78 வயதில் என்னோடு இருக்கிறார். ஆகவே இந்தக் கேள்வியை நான் மருந்துக் கவுண்டரின் உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியே வரிசையில் நின்றும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஃபிராமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக மக்களின் இதயத்தைக் கண்காணித்து வருகிறார்கள். அந்த ஆய்விலிருந்து 1993இல் வெளியான கணக்கின்படி, இதயச் செயலிழப்பு தொடங்கிய ஆண்களில் பாதிப்பேர் 1.7 ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். பெண்களில் பாதிப்பேர் இறப்பதற்கு 3.2 ஆண்டு ஆனது. இன்றுள்ள மருந்துகள் பல வருவதற்கு முன்னான கணக்கு அது என்றாலும், பெண்கள் பக்கம் சாய்ந்த அந்த வித்தியாசம் பின்னால் வந்த பெரும்பாலான ஆய்வுகளிலும் ஏதோ ஓர் அளவில் தென்படுகிறது. ஆனால் 1.7க்குப் பக்கத்தில் 3.2 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே கொடிய எண்கள்.

ஜூன் 10

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் 62 சதவீதத்தைப் பற்றி.

எங்கள் வீட்டில் அப்பாவின் பம்பிங் 28. மாரடைப்பில் தசை செத்து, இதயம் தளர்ந்து, பெரிதாகிப்போன பையைப்போல இருந்தது. அம்மாவின் பம்பிங் 60. அவருடைய இதயம் தளரவில்லை, விறைத்துவிட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடல் பருமன், வயது ஆகியவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இதயத்தின் சுவரைத் தடிக்கச் செய்யும்போது, அது சுருங்குவதற்குச் சிரமப்படாது, விரிவதற்குத்தான் சிரமப்படும். விரியாத இதயத்துக்குள் போதிய ரத்தம் இறங்காது. இறங்க முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கும்.

பம்பிங் சதவீதம் என்பது உள்ளே வந்ததில் எத்தனை பங்கு வெளியே போனது என்பது மட்டுமே. நூறு மில்லி கொள்ளும் டம்ளரிலிருந்து அறுபது மில்லி ஊற்றினாலும் அறுபது சதவீதம்தான், ஐம்பது மில்லி கொள்ளும் டம்ளரிலிருந்து முப்பது மில்லி ஊற்றினாலும் அறுபது சதவீதம்தான். குடிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றாகாது. பெண்களின் இதயம் பொதுவாகவே சிறியது. பம்பிங் குறையாத இந்த வகை இதயச் செயலிழப்பு பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. பம்பிங் குறைந்த வகை ஆண்களிடம் கூடுதல். ஆண்களா பெண்களா என்று ஒப்பிடத் தொடங்கும்போதே பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நோய்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

ஜூன் 10, மாலை

ஒரு சேர்க்கை. ஆரோக்கியமான பெண்களின் பம்பிங் சதவீதம் ஆரோக்கியமான ஆண்களைவிடச் சற்று உயர்வாகவே இருக்கும். ஆகவே 50, 52 என்று வரும் அறிக்கை ஓர் ஆணுக்கு இயல்பாக இருந்தாலும் ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே இறங்கிவிட்ட அளவாக இருக்கக்கூடும். அறிக்கைத் தாளில் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே கோடுதான் போட்டிருப்பார்கள்.

ஜூன் 12

அம்மாவின் நோயை நான் எப்படித் தவறவிட்டேன் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அம்மா மார்கழி மாதம் முழுவதும் வாசலில் இருபத்தோரு புள்ளிக் கோலம் போடுகிறவர். 2012 மார்கழியில் அது பதினைந்து புள்ளியானது. அடுத்த மார்கழியில் ஒன்பது. அதன்பின் ஏழு புள்ளியில் ஒரு தாமரை, அதையும் நடுவில் இரண்டு முறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்றுதான் முடிப்பார். நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்தத் தாமரையைத் தாண்டித்தான் போவேன். பனி, குளிர், முட்டிவலி என்று நானாகவே காரணம் வைத்துக்கொண்டேன். குனிந்தால் மூச்சு வாங்குவது இதயச் செயலிழப்பின் அறிகுறி என்று 2014இல்தான் மருத்துவ ஏடுகளில் தனிப் பெயர் கொடுத்து எழுதினார்கள். பெயர் அப்போதுதான் வந்தது, ஆனால் அறிகுறி என் வாசலில் இருந்தது.

பிறகு மெட்டி இறுகியது. வலது கால் மெட்டியைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றி, சாமி மாடத்தில் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "வயசாயிட்டுல்லா, காலு ஊதத்தான செய்யும்" என்றார். அப்பாவுக்குக் கால் வீங்கிய அன்று அதே அம்மாதான் ஆட்டோ பிடித்து, அரை மணி நேரத்தில் அவரை மருத்துவமனையில் சேர்த்தவர்.

2018இல்தான் அம்மாவுக்கு நோயைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டு முறை எக்கோ எடுத்தும், பம்பிங் நன்றாக இருக்கிறது, வாய்வாக இருக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 15

கூடுதல் காலம் வாழ்வது பற்றிய கேள்விக்குத் திரும்பி வருகிறேன்.

2019இல் வெளியான ஓர் அலசல் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. பம்பிங் குறைந்த நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய மருந்துச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து, 12,058 ஆண்களையும் 3,357 பெண்களையும் ஒப்பிட்டார்கள். வயது முதலான வித்தியாசங்களைச் சரிக்கட்டிய பிறகு, இறக்கும் அபாயம் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேரும் அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதுவரை உங்கள் உறவினர் சொன்னதுதான்.

அதே அலசலில், அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துகிறார்கள் என்று அளக்கும் கேள்விப் பட்டியலில் (மதிப்பெண் கூடினால் நல்லது) ஆண்களின் நடுமதிப்பெண் நூற்றுக்கு 81.3, பெண்களின் நடுமதிப்பெண் 71.3. மூச்சிரைப்பு, கால் வீக்கம் முதலான அறிகுறிகள் பெண்களுக்குக் கூடுதல். அப்படியிருந்தும் நீர் மாத்திரை பெண்களுக்கு உரிய அளவுக்குக் கொடுக்கப்படவில்லை. துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் கருவி ஆண்களில் 16.6 சதவீதத்தினருக்கும் பெண்களில் 8.6 சதவீதத்தினருக்கும் மட்டுமே பொருத்தப்பட்டிருந்தது.

ஒரு நோயின் முடிவை இறந்தவர்களை எண்ணி மட்டுமே அளந்தால் பெண்கள் நன்றாக இருப்பதாகவே தெரியும். அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்டால்தான் வேறு கணக்கு வரும். அப்பா நோயோடு ஆறு ஆண்டுகள் இருந்தார். அம்மா, கோலத்திலிருந்து எண்ணினால், பன்னிரண்டாவது ஆண்டில் இருக்கிறார். அதில் முதல் ஆறு ஆண்டுகள் சிகிச்சையே இல்லாமல், திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக் கழித்தவை.

ஜூன் 16

நேற்று எழுதியதை ஓரளவு திருத்த வேண்டும். மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்படுபவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நம் வார்டுகளில் படுத்திருப்பவர்கள் அவர்கள் அல்லர். அமெரிக்காவில் திடீர் மூச்சிரைப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளின் பதிவேட்டில் பாதிக்குமேல் பெண்கள். மருத்துவமனைக்குள்ளேயே இறக்கும் அபாயம் இருபாலருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெண்ணுக்கு இருக்கும் சாதகம் எப்போதும் எல்லா இடத்திலும் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஜூன் 22

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கும் தம்பிக்கு:

நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் 2013இல் 18 மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரு பதிவேடு தொடங்கினார்கள். மொத்தம் 1,205 நோயாளிகள், சராசரி வயது 61, பெண்கள் 31 சதவீதம். பின்னர் நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் ஒருங்கிணைத்த தேசியப் பதிவேட்டிலும் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை.

அமெரிக்காவில் பாதிக்குமேல், இங்கே மூன்றில் ஒன்றுக்கும் கீழே. மீதிப் பெண்கள் எங்கே? என் பதில்: வீட்டில், சுவரில் சாய்ந்தபடி. மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டவர்கள் மட்டுமே பதிவேட்டில் ஏறுவார்கள். மருந்துக் கவுண்டரில் கணவரின் சீட்டோடு வந்து, அவருடைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி, எது காலை எது இரவு என்று மூன்று முறை கேட்டுத் தெரிந்துகொண்டு போகும் பெண்களை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மனைவியின் சீட்டோடு வந்த ஆண்களை நினைத்துப் பார்த்தால் முகங்கள்கூட நினைவில் இருக்கின்றன, அத்தனை குறைவு.

ஜூன் 23

மேலே எழுதியது கோபத்தில் எழுதியது. கோபம் நியாயமானதுதான், கணக்கு முழுமையானதில்லை. கேரளப் பதிவேட்டில் 72 சதவீதத்தினருக்கு நோய்க்குக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. நம் ஊரில் அது இளம் வயதிலேயே ஆண்களைத் தாக்குகிறது. அமெரிக்கப் பதிவேட்டில் சராசரி வயது 72; அந்த வயதில் உயிரோடு இருப்பவர்களில் பெண்களே அதிகம், அவர்களிடம் விறைத்த இதயமே அதிகம். ஆகவே பெண்களின் பங்கு இங்கே குறைவாக இருப்பதற்கு நோயின் தன்மையும் ஒரு காரணம், வயதும் ஒரு காரணம். வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களும் ஒரு காரணம் என்ற என் கருத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்று தொனிக்கும்படி எழுதியதைத்தான் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 30

மருந்துகளைப் பற்றி. இது என் துறை என்பதால் சற்று நீளமாகும்.

ஃபிராமிங்காம் ஆய்வில் தொடக்கத்திலிருந்தே பாதிக்குமேல் பெண்கள் இருந்தார்கள். ஆனால் மருந்தைச் சோதிக்கும் காலம் வந்தபோது பெண்கள் வெளியே நின்றார்கள். இதயச் செயலிழப்பில் மருந்தால் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு நம்பிக்கை தந்த முதல் பெரிய சோதனை 1986இல் வெளியானது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த அந்தச் சோதனையில் 642 பேர், அனைவரும் ஆண்கள். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்கக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் வகுத்த வழிமுறை 1993 வரை நீடித்தது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தான மெட்டோப்ரோலாலுக்கான பெரிய சோதனையில் 3,991 பேரில் 898 பேர்தான் பெண்கள்.

இதன் விளைவை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் பழைய மருந்தான டிஜாக்சின் மாத்திரையை நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள அம்மாளுக்கும் எழுபது கிலோ எடையுள்ள அண்ணாச்சிக்கும் ஒரே 0.25 மில்லிகிராமாகக் கொடுத்தோம். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட வேண்டும், சனி ஞாயிறு நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அந்த மருந்தை 6,800 பேரிடம் சோதித்த 1997ஆம் ஆண்டு ஆய்வு, அது இறப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்றது. 2002இல் அதே தரவை ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களிடம் மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்ற இரு சாராரிடமும் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பெண்களிடம் மருந்து எடுத்தவர்களில் 33.1 சதவீதமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28.9 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஐந்தாண்டுகளாக அந்த வித்தியாசம் மொத்தக் கணக்குக்குள் கரைந்து கிடந்தது.

அன்று அந்தக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு நான் வேலையில் உட்கார்ந்திருக்க முடியாமல் வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றது இப்போதும் நினைவில் இருக்கிறது.

ஜூலை 2

டிஜாக்சின் சாப்பிடும் யாரும் முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். பின்னால் வந்த அலசல்கள், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு உயரும்போதுதான் கேடு வருகிறது என்றும், குறைந்த அளவில் வைத்திருந்தால் அப்படிக் காணவில்லை என்றும் காட்டின. உடல் எடை குறைவாகவும் சிறுநீரகத்தின் வேகம் குறைவாகவும் இருக்கும் பெண்ணுக்கு அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். மருந்து பெண்ணுக்கு எதிரி என்பதைவிட, அளவு பெண்ணுக்காகத் தைக்கப்பட்டதில்லை என்பதே பொருத்தம்.

ஜூலை 6

அளவு என்று சொன்னதும் இன்னொன்று. 2019இல் ஐரோப்பாவின் பதினொரு நாடுகளைச் சேர்ந்த, பம்பிங் குறைந்த 1,308 ஆண்களையும் 402 பெண்களையும் வைத்து ஓர் அலசல் வெளியானது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஏசிஇ தடுப்பான், பீட்டா பிளாக்கர் ஆகிய மருந்துகளில், ஆண்களுக்கு முழு அளவை எட்டும்போது மிகுந்த பயன் கிடைத்தது. பெண்களுக்கு அதில் பாதி அளவிலேயே அபாயம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டது. அதற்கு மேல் கூட்டியதால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆசிய நாடுகளின் நோயாளிகளைக் கொண்ட இன்னொரு தொகுப்பிலும் இதே போக்கைக் கண்டார்கள்.

பெண்களுக்குத் தலைசுற்றல், வறட்டு இருமல் போன்ற பக்கவிளைவுகள் கூடுதலாக வருவதை நாங்கள் எல்லோரும் கவுண்டரில் பார்த்ததுதான். "இந்த மாத்திரை ஒத்துக்கலை" என்று அட்டையோடு திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒத்துழைக்காத நோயாளி என்று அவர்கள் சீட்டில் எழுதப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 7, அதிகாலை

என் அம்மாவின் மாத்திரையை இன்று முதல் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் சொன்னது நடந்ததைப் பார்த்து எழுதிய கணிப்பு. இன்னாருக்குப் பாதி, இன்னாருக்கு முழுசு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அன்று. பாதி அளவில் இருந்தவர்கள் வேறு காரணங்களால் நலமாக இருந்திருக்கவும் கூடும். மருத்துவர் முழு அளவு கொடுத்து, அம்மாவும் அதைத் தாங்கிக்கொண்டால் அதுவே தொடரட்டும். அளவைத் தாங்க முடியாமல் தலை சுற்றி விழப் பார்க்கும் பெண்ணிடம், முழு அளவு எட்டவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம் என்று சொல்வதற்கும், மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் மட்டுமே இந்த ஆய்வு இன்று பயன்படும். நேற்றே இதை எழுதாமல் விட்டது என் பிழை.

ஜூலை 14

எந்த ஆய்விலும் அளக்கப்பட்டு நான் பார்க்காத ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

அப்பா நீர் மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பேருந்து எங்கே நின்றாலும் இறங்கி ஒதுங்கிவிட்டு வருவார். அம்மா கல்யாணம், கோயில், துக்க வீடு என்று வெளியே கிளம்பும் நாளிலெல்லாம் மாத்திரையை விட்டுவிடுவார். போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் தண்ணீர் வருமா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்ற கவலைதான். போதாதென்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்க மாட்டார். திரும்பி வந்து பந்தி அப்பளமும் ஊறுகாயும் சேர்த்த உப்போடு இரண்டு நாள் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருக்கும்.

மருத்துவரிடம் கேட்டபோது அவர் வெகு எளிதாக, வெளியே போகும் நாளில் வீடு திரும்பியதும் பிற்பகலில் போட்டுக்கொள்ளட்டும், விட்டுவிட மட்டும் வேண்டாம் என்றார். ஐந்து ஆண்டுகளாக இதை யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இதே மாத்திரை என்றால், கூச்சப்படாமல் நீங்களே மருத்துவரிடம் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டுவிடுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒன்று. அப்பாவுக்கென்று உப்பில்லாமல் தனிக் குழம்பு வைத்த அம்மா, தனக்கென்று நோய் வந்தபின் தனிக் குழம்பு வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சாப்பிட்டது போக மீந்த குழம்பும் நார்த்தங்காயும்தான். இப்போது அந்தக் குழம்பை நான் வைக்கிறேன்.

ஜூலை 20

பேஸ்மேக்கர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இதயத்தின் இரு பக்கங்களையும் ஒரே சமயத்தில் துடிக்க வைக்கும் சிறப்புக் கருவி, பொருத்தமான பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாகவே உதவுகிறது. ஈசிஜியில் துடிப்பலையின் அகலம் 130 முதல் 149 மில்லி வினாடி இருந்து, இடது மின்பாதையில் தடையும் இருந்தால், அந்தக் கருவியால் பெண்களுக்குத் தெளிவான பயன் உண்டு என்றும், அதே அகலத்தில் ஆண்களுக்கு அப்படித் தெரியவில்லை என்றும் 2014இல் ஓர் அலசல் காட்டியது. சிறிய இதயத்தில் 140 என்பது பெரிய தாமதம் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அப்படியிருந்தும் இந்தக் கருவி பெண்களுக்குக் குறைவாகவே பொருத்தப்படுகிறது.

ஜூலை 28

பிரசவித்து இரண்டு மாதமான தங்கைக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கும் அண்ணனுக்கு: நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை, இதற்கு முன் இதயக் கோளாறே இல்லாத பெண்ணுக்கும் இதயத் தசை திடீரென்று தளரும் ஒரு நோய் உண்டு. பிள்ளை பெற்ற அசதி, ரத்தசோகை, தூக்கமின்மை என்று வீட்டில் சொல்லும் எல்லாக் காரணங்களும் இதற்கும் பொருந்திவிடுவதால்தான் இது தப்பிவிடுகிறது. தலையணையை அடுக்கி வைத்தால்தான் தூங்க முடிகிறது என்றால் அதை அசதி என்று விட்டுவிடக் கூடாது. நேரத்தோடு பார்த்தால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

ஜூலை 30

தங்கையைச் சேர்த்துவிட்டதாக அந்த அண்ணன் எழுதியிருக்கிறார். பம்பிங் 35. மருந்து தொடங்கியிருக்கிறார்கள். தேறி வந்த பிறகு, அடுத்த கர்ப்பத்தைப் பற்றி மருத்துவரோடு கட்டாயம் பேச வேண்டும் என்பதை மட்டும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நோய் திரும்பி வரக்கூடியது.

ஆகஸ்ட் 4

அப்பா இறந்த துக்கத்தில்தான் அம்மாவின் இதயம் கெட்டது என்று எங்கள் உறவினர்கள் சொல்வதுண்டு, இங்கும் ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். துக்கத்தால் இதயம் திடீரெனத் தளர்வது மெய்யாகவே உண்டு. 1990இல் ஜப்பானில் அதை விவரித்த மருத்துவர்கள், அந்த இதயத்தின் உருவம் தங்கள் ஊரில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப்போல இருப்பதால் தகோட்சுபோ என்ற அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். அதில் பெரும்பான்மையோர் மாதவிடாய் நின்ற பெண்கள். ஆனால் அது நொடியில் வந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும் நோய். அம்மாவுடையது அதுவன்று. கோலம் சுருங்கத் தொடங்கியபோது அப்பா உயிரோடு, நாற்காலியில் உட்கார்ந்து அம்மா போடும் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தின்மீது பழியைப் போட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாங்கள் பார்க்கத் தவறியது மறைந்துவிடும்.

ஆகஸ்ட் 11

விறைத்த இதயத்துக்கு மருந்தே இல்லை என்று எழுதியவருக்கு: 2021 வரை அது பெருமளவு உண்மை. 2019இல் சாக்குபிட்ரில், வால்சார்டன் கூட்டு மருந்தை இந்த வகை நோயாளிகளிடம் சோதித்தபோது, மொத்தமாகப் பார்த்தால் வெற்றிக்கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பெண்களிடம் மருத்துவமனைச் சேர்க்கையையும் இதய நோய் இறப்பையும் சேர்த்து எண்ணிய கணக்கு 27 சதவீதம் குறைந்திருந்தது, ஆண்களிடம் குறையவில்லை. இப்படிப் பிரித்துப் பார்த்துக் கிடைப்பதை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும், டிஜாக்சின் விஷயத்தில் சொன்னதற்கும் இது பொருந்தும்.

பிறகு 2021இல் எம்பாக்ளிஃப்ளோசினும் 2022இல் டாபாக்ளிஃப்ளோசினும் இந்த வகை நோயில் பயன் தருவது உறுதியானது. இரண்டு சோதனைகளிலும் ஏறத்தாழ 45 சதவீதம் பெண்கள் இருந்தார்கள், பயன் இருபாலருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அம்மாவுக்கு டாபாக்ளிஃப்ளோசின் தொடங்கி ஒரு மாதத்தில் மூச்சு சற்றே இலகுவானது. ஆனால் மூன்றாம் மாதம் மறுபடி கால் வீங்கியது. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் பதினெட்டு மாத்திரை மிச்சம். வெகுநேரம் கேட்ட பிறகுதான் சொன்னார், அந்தரங்க இடத்தில் அரிப்பு, மூன்று வாரமாக, மாத்திரைதான் காரணமோ என்று அவராகவே நிறுத்திவிட்டார். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து என்பதால் பூஞ்சைத் தொற்று வரும், பெண்களுக்குக் கூடுதலாகவே வரும். மருந்தாளுநரான மகளிடமே சொல்லக் கூச்சம் என்றால், ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்? ஒரு வாரக் களிம்பில் அது போய்விட்டது. ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்னும் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னோம், மாத்திரை தொடர்கிறது. அந்த மருந்தை வாங்கிக் கொடுக்கும் மகன்களும் மகள்களும் இதைத் தாமாகவே முதலில் பேசிவிடுங்கள். அம்மாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்ட் 18

கேள்வி கேட்டவர் அம்மாவின் அறிக்கைகளை எழுதி அனுப்பியிருக்கிறார். பம்பிங் 62, இடது மேலறை பெரிதாகியிருக்கிறது, இதயத்தின்மீதுள்ள அழுத்தத்தைக் காட்டும் என்டி-ப்ரோ-பிஎன்பி ரத்தப் பரிசோதனையில் அளவு உயர்ந்திருக்கிறது. இதயச் செயலிழப்பு என்று உறுதிசெய்து நீர் மாத்திரையும் டாபாக்ளிஃப்ளோசினும் கொடுத்திருக்கிறார்கள். ரத்தசோகையும் இருப்பதால், இரும்புச்சத்து அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்களிடம் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது, அதைச் சரிசெய்தால் அசதி குறையவும் கூடும்.

அம்மா எடை பார்க்க மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் மறுத்தார். எடைக் கருவியைக் கூடத்திலிருந்து எடுத்து, காலையில் அவர் முதலில் போகும் குளியலறை வாசலில் வைத்தேன். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக் கொடுத்தேன். பால் கணக்கை அவர் நாற்பது ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவர். இப்போது பால் ஒரு லிட்டர், எடை 51.4 என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.